யுவான் டி. லீயின் ஆய்வு வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுவான் டி. லீ என்பவர் யார்?

தைவானில் பிறந்து நோபல் பரிசு பெற்ற முதல் மனிதர். 1936 நவம்பர் 19 அன்று சிஞ்சு நகரில் பிறந்தார். 1986ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை அமெரிக்காவின் டட்லி ஹெர்ஷ்பாக், கனடாவின் ஜான் போலானி ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்திலும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார். 1994 முதல் 2006 வரை தைவானின் தலையாய ஆய்வு நிறுவனமான அகாதெமியா சினிக்காவின் தலைவராகப் பணியாற்றினார்.

பதவிகளை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் அவரைப் புரிந்துகொள்ள பதவிகள் உதவாது. அவர் கட்டிய ஒரு கருவிதான் உதவும். அவருக்கு வந்த பதவிகளெல்லாம் அந்தக் கருவியைத் தொடர்ந்தே வந்தன. அதனால் கீழே உள்ள பதில்களில் கருவிக்குத்தான் அதிக இடம்.

வேதி இயற்பியல் என்பது என்ன? இயற்பியல் வேதியியலும் அதுவும் ஒன்றா?

இரண்டுக்கும் இடையே வேலி எதுவும் கிடையாது. இயற்பியல் வேதியியல் பெரும்பாலும் குடுவை அளவில் பேசும்: வெப்பநிலை, செறிவு, அழுத்தம், வினைவேகம். வேதி இயற்பியல் தனி மூலக்கூறிடம் போய் நிற்கும். ஒரு பிணைப்பு எப்படி முறிகிறது, அப்போது வெளியாகும் ஆற்றல் எங்கே போகிறது, மூலக்கூறு எப்படிச் சுழல்கிறது, எப்படி அதிர்கிறது என்று கேட்கும்.

தனித் துறையாக இது நிலைபெற்றதில் ஓர் இதழுக்குப் பெரிய பங்கு உண்டு. 1920களில் குவாண்டம் இயக்கவியல் வந்த பிறகு, வேதியியல் கேள்விகளுக்குக் கணிதத்தால் விடை தேடிய இளைஞர்களின் கட்டுரைகளை அன்றைய இயற்பியல் வேதியியல் இதழ் ஆர்வத்தோடு ஏற்கவில்லை. அமெரிக்க இயற்பியல் கழகம் 1933இல் 'வேதி இயற்பியல் இதழ்' என்ற ஒன்றைத் தொடங்கியது. முதல் ஆசிரியர் ஹெரால்ட் யூரே. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்ததற்காக மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றவர்.

லீயின் இளமைக்காலம் எப்படி இருந்தது?

அவர் பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. போர்க்காலக் குண்டுவீச்சுக்கு அஞ்சி நகர மக்கள் மலைப்பகுதிக்கு இடம்பெயர்ந்ததால் படிப்பு தடைப்பட்டது. போர் முடிந்த பிறகு மூன்றாம் வகுப்பில்தான் ஒழுங்காகப் பள்ளி சென்றார். தந்தை லீ சே-ஃபான் பெயர்பெற்ற ஓவியர். சிறுவன் யுவான் பேஸ்பால் அணியில் ஆடினான், டேபிள் டென்னிஸ் ஆடினான், உயர்நிலைப் பள்ளியில் இசைக்குழுவில் டிராம்போன் வாசித்தான். மேரி கியூரியின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தது அறிவியல்மேல் ஆசையைக் கிளப்பியது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

பள்ளி மதிப்பெண்கள் சிறப்பாக இருந்ததால் 1955இல் நுழைவுத் தேர்வு எழுதாமலேயே தேசிய தைவான் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. முதலாண்டு முடிவில் வேதியியலைத் தேர்ந்துகொண்டார். அன்று அங்கே ஆய்வக வசதிகள் குறைவு. அதை ஈடுகட்டியவர்கள் ஆசிரியர்களும் உடன் படித்தவர்களும்தான்.

முதுகலையில் எதை ஆராய்ந்தார்?

பின்னாளில் செய்ததற்குத் துளியும் தொடர்பில்லாத ஒன்றை. தைபேயின் வடக்கே பெய்தோ என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அங்கே படியும் ஹோகுடோலைட் என்ற கனிமத்தில் ரேடியம் உண்டு. தேசிய சிங் ஹுவா பல்கலைக்கழகத்தில் அந்தக் கனிமத்தின் இயற்கைக் கதிரியக்க ஐசோடோப்புகளை ஆராய்ந்து முதுகலைப் பட்டம் பெற்றார். அதற்கு முன் இளங்கலையில் ஸ்ட்ரான்சியத்தையும் பேரியத்தையும் காகித மின்முனைக்கவர்ச்சி முறையில் பிரித்தார். முதுகலைக்குப் பின் சிறிது காலம் எக்ஸ் கதிர் வழியாகப் படிக அமைப்பு காணும் வேலை.

முதல் நாளிலிருந்தே துறையைத் தீர்மானித்துக்கொண்டால்தான் முன்னேற முடியும் என்று நம் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். லீ மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்து பார்த்த பிறகே, 1962இல் பெர்க்லிக்குப் போய்த் தன் துறையைக் கண்டார். அந்த ஆண்டுகளை வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கையில் வந்ததைத் திருத்தமாக அளந்து பழகிய காலம் அது.

பெர்க்லியில் யாரிடம் பயின்றார்?

புரூஸ் மாகன் என்பவரிடம். கூடுதல் ஆற்றல் ஏற்றப்பட்ட கார உலோக (சோடியம், பொட்டாசியம் போன்றவை) அணுக்கள் மோதும்போது அயனிகள் உருவாவதைப் பற்றியது லீயின் ஆய்வேடு. 1965இல் பி.எச்டி. கிடைத்தது. மாகன் மாணவருக்கு வழிகாட்டிக்கொண்டே இருப்பவர் அல்ல, தானே தேடிக் கண்டுபிடிக்க விட்டுவிடுபவர் என்று லீ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

என் பார்வையில், பட்டம் பெற்ற பிறகு அதே குழுவில் கழித்த காலம்தான் முக்கியமானது. நைட்ரஜன் அயனிக் கற்றையை ஹைட்ரஜன்மேல் செலுத்தி, விளைபொருள் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் சிதறுகிறது என்பதை முழு வரைபடமாக எடுத்தார்கள். சிதறல் கருவி ஒன்றைத் தாளில் வரைந்து, உலோகத்தில் செய்து, இயக்கிப் பார்க்கும் கலையை லீ அங்கேதான் கற்றார்.

'குறுக்கு மூலக்கூறுக் கற்றை' என்கிறார்களே, அது என்ன?

பிளஸ் டூ வேதியியலில் வினைவேகவியல் பாடத்தில் மோதல் கொள்கை வருகிறது. மூலக்கூறுகள் மோதினால்தான் வினை நடக்கும். போதிய ஆற்றலும் சரியான திசையமைவும் வேண்டும் என்று படிக்கிறோம். ஆனால் ஒரு மோதலை யாராவது தனியாகப் பார்த்திருக்கிறார்களா? குடுவைக்குள் ஒரு வினாடியில் எண்ணற்ற மோதல்கள் நடக்கின்றன. பிறந்த விளைபொருள் அடுத்த கணமே வேறொன்றுடன் மோதித் தன் வேகத்தையும் அதிர்வையும் இழந்துவிடுகிறது. சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்ற வேலை.

கற்றை முறை அந்தக் கூட்டத்தை விலக்குகிறது. வெற்றிடக் கலத்துக்குள் ஒரு சிறு துளை வழியாக ஒரு வாயுவைக் கற்றையாகச் செலுத்துகிறார்கள். குறுக்கே இன்னொரு வாயுக் கற்றை வருகிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் சிறிய இடத்தில் மட்டும் மோதல் நடக்கிறது. அங்கே பிறக்கும் மூலக்கூறு வேறு எதனுடனும் மோதாமல் நேராகப் பறந்து உணர்கருவியை அடைகிறது. எந்தக் கோணத்தில் எத்தனை வந்தன, எவ்வளவு வேகத்தில் வந்தன என்று அளக்கிறார்கள். வேகத்தை அளக்க, விளிம்பில் பிளவுகள் கொண்ட ஒரு சக்கரம் உணர்கருவியின் வாயிலில் சுழலும். பிளவு வழியே நுழைந்த மூலக்கூறு உள்ளே போய்ச் சேர எடுத்த நேரம் வேகத்தைச் சொல்லிவிடும்.

இந்த இரண்டு எண்களிலிருந்து அதிகம் தெரியவரும். விளைபொருள் முன்னும் பின்னும் சமச்சீராகச் சிதறினால், மோதிய இரண்டும் சில சுற்றுகள் ஒட்டிச் சுழன்று பிறகே பிரிந்தன என்று பொருள். ஒரே பக்கமாகச் சிதறினால் வினை ஒரு நொடிப்பொழுதில் நேரடியாக முடிந்தது என்று பொருள். வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், மிச்ச ஆற்றல் மூலக்கூறுக்குள் அதிர்வாகவோ சுழற்சியாகவோ தங்கியிருக்கிறது.

இந்த முறை லீக்கு முன்பே இருந்ததல்லவா? அவர் புதிதாக என்ன செய்தார்?

இருந்தது. ஹெர்ஷ்பாக் உள்ளிட்டோர் 1950களின் இறுதியிலிருந்து இதைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் பங்கேற்கும் வினைகளில் மட்டுமே முடிந்தது. காரணம் எளிது. சூடான உலோக இழைமேல் பட்டாலே கார உலோக அணு எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடும், எண்ணுவது சுலபம். மற்ற மூலக்கூறுகள் அப்படி எளிதில் எலக்ட்ரானை விடுவதில்லை. அதனால் அந்தக் காலத்தையே கார உலோக யுகம் என்று துறையினர் அழைத்தார்கள்.

எந்த மூலக்கூறையும் பிடிக்க வேண்டுமானால் அதன்மேல் எலக்ட்ரான்களைப் பாய்ச்சி அயனியாக்கி, நிறை நிறமாலைமானியால் எடை பார்த்துப் பிரிக்க வேண்டும். இதில் இரண்டு தொல்லைகள். உணர்கருவிக்குள் வரும் மூலக்கூறுகளில் மிகச் சிறிய பங்கே அயனியாகும். அதைவிட மோசமானது, கலத்தில் மிச்சமிருக்கும் காற்று மூலக்கூறுகளும் அயனியாகிக் கணக்கில் சேர்ந்துவிடும். தேடுவது கையளவு, இடைஞ்சல் கடலளவு.

லீயின் பதில், வெற்றிடத்துக்குள் வெற்றிடம் என்ற அமைப்பு. கற்றைகள் மோதும் பெரிய கலத்துக்குள், உணர்கருவிக்கென்று ஒன்றுக்குள் ஒன்றாகத் தனி அறைகள். ஒவ்வொரு அறைக்கும் தனிப் பம்பு. அறைக்கு அறை ஒரு சிறு துவாரம் மட்டுமே. வெளி அறையில் கசிவது உள்ளே வர வர வடிகட்டப்படும். கடைசி அறையின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பல லட்சம் கோடியில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். இந்த அறைகள் அனைத்தும் சேர்ந்து மோதல் புள்ளியை மையமாகக் கொண்டு சுழலவும் வேண்டும். அப்போதுதான் வெவ்வேறு கோணங்களில் அளக்க முடியும். அவ்வளவு பெரிய எஃகு அமைப்பு, வெற்றிடம் சிறிதும் கெடாமல் சுழல வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதை எங்கே, எவ்வளவு காலத்தில் கட்டினார்?

1967 பிப்ரவரியில் ஹார்வர்டில் ஹெர்ஷ்பாக்கின் குழுவில் சேர்ந்தார். பாதி நேரம் ஹைட்ரஜன் அணு வினைகளுக்கு, மறு பாதி இந்தக் கருவிக்கு. டக் மெக்டொனால்ட், பியர் லெபிரட்டன் என்ற இரு மாணவர்கள் உடன் உழைத்தார்கள். பத்தே மாதங்களில் கருவி இயங்கியது. அதற்கு 'ஹோப்', அதாவது நம்பிக்கை என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் குளோரின் அணுவைப் புரோமின் மூலக்கூறுடன் மோதவிட்டு, பிறந்த புரோமின் குளோரைடைப் பிடித்தார்கள். கார உலோக யுகம் அத்துடன் முடிந்தது.

இதில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு: பட்டறையின் தலைமைத் தொழிலாளர் ஜார்ஜ் பிசியெல்லோ. தன் வாழ்க்கைக் குறிப்பில் லீ அவர் பெயரைச் சொல்லி நன்றி பாராட்டுகிறார். நுண்ணிய வெற்றிடத்துக்கு ஏற்றபடி எஃகைக் கடைந்து, பற்றவைத்து, ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கைக்கூட விடாமல் துடைத்தெடுக்கும் கைகள் இல்லாவிட்டால் எந்தச் சமன்பாடும் கரையேறாது. நம் கல்லூரிகளில் பட்டறை என்றால் பொறியியல் மாணவர்களுக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். வேதியியல் மாணவருக்குக் கடைசல் இயந்திரத்தின் பக்கம் போகக்கூட வாய்ப்பில்லை. இந்தக் குறையை நான் சிறிதாக நினைக்கவில்லை.

பி.எச்டி. முடித்த பிறகும் ஏன் மூன்றாண்டுகள் இன்னொருவர் குழுவில் இருக்க வேண்டும்?

அமெரிக்க வழக்கில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காலம் ஏறக்குறைய கட்டாயம்போல ஆகிவிட்டது. பலருக்கு அது காத்திருப்பு மட்டுமே. லீக்கு அது பெயர் வாங்கிக்கொடுத்த காலம்: 1965 முதல் 1968 வரை. பெர்க்லியில் அயனிக் கற்றை, ஹார்வர்டில் மின்சுமையற்ற மூலக்கூறுகளின் கற்றை என்று இரண்டு பள்ளிகளின் கைத்திறனும் ஒருவரிடம் சேர்ந்தது அப்போதுதான்.

சிகாகோவில் எவ்வளவு வேகமாக உயர்ந்தார்?

1968 அக்டோபரில் உதவிப் பேராசிரியர், 1971 அக்டோபரில் இணைப் பேராசிரியர், 1973 ஜனவரியில் பேராசிரியர். வேதியியல் துறையிலும் ஜேம்ஸ் ஃபிராங்க் நிறுவனத்திலும் பணி. ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று படிகளும் ஏறுவது அரிது. ஹார்வர்டில் கட்டியதைவிட மேம்பட்ட கருவியை இங்கே புதிதாகக் கட்டினார். 1974இல் பேராசிரியராகப் பெர்க்லிக்கே திரும்பினார். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திலும் பொறுப்பு ஏற்றார். அதே ஆண்டில் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

பெர்க்லியில் அவர் கண்ட முடிவுகளில் எது முக்கியமானது?

இரண்டைச் சொல்வேன்.

முதலாவது, புளூரின் அணுவும் ஹைட்ரஜன் மூலக்கூறும் சேரும் வினை. மூன்றே அணுக்கள், மொத்தம் 11 எலக்ட்ரான்கள். அதனால் கோட்பாட்டாளர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க ஏற்ற வினை. ஆய்வும் கணக்கும் பொருந்துகின்றனவா என்று உரசிப் பார்க்கும் உரைகல். லீயின் குழு 1985இல் வெளியிட்ட முடிவுகளில், அதிகமாக அதிரும் ஹைட்ரஜன் புளூரைடு மூலக்கூறுகள் எதிர்பாராத வகையில் முன்பக்கமாகச் சிதறின. வினையின் நடுவே, மூன்று அணுக்களும் சேர்ந்த நிலை கண நேரம் தங்கி நிற்கிறது, அதாவது ஒத்ததிர்வு இருக்கிறது என்று அவர்கள் விளக்கினார்கள். பல ஆண்டுகள் வாதம் நடந்தது. இந்த வினையில் ஒத்ததிர்வு உண்டு என்பதற்கு வலுவான சான்று 2006இல் சீனாவின் தாலியன் நகரிலிருந்து வந்தது. அந்தக் குழுவை நடத்திய யாங் சுவேமிங் முன்பு பெர்க்லியில் லீயிடம் ஆய்வாளராக இருந்தவர்.

இரண்டாவது, ஆக்சிஜன் அணுவும் எத்திலீனும். எரிதல் நிகழ்வில் அடிப்படையான வினை இது. எத்திலீனின் இரண்டு கார்பன்களும் பிரிந்துபோவதே முதன்மை வழி என்று அதுவரை நம்பினார்கள். லீயின் கருவி வேறு கதை சொன்னது: ஒரு ஹைட்ரஜன் மட்டும் கழன்று, வினாக்சி என்ற தனி உறுப்பு மிஞ்சும் வழிக்குப் பெரும் பங்கு இருந்தது. குடுவையில் இரண்டாம் மூன்றாம் மோதல்களின் விளைவையும் சேர்த்துப் பார்த்ததால் முதல் மோதல் மறைந்து கிடந்தது. எரிதலைக் கணினியில் கணக்கிடுவோர் இத்தகைய வழிகளின் பங்கைச் சரியாக வைக்காவிட்டால் விடை தவறும். கருவியின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வினையைத்தான்.

நோபல் பரிசு எதற்காக? மூவரும் ஒரே வேலையைச் செய்தார்களா?

அடிப்படை வேதிச் செயல்முறைகளின் இயக்கவியலுக்குச் செய்த பங்களிப்புக்காக. ஹெர்ஷ்பாக் கற்றை முறையை வேதியியலுக்குக் கொண்டுவந்தார். லீ அதை எல்லா மூலக்கூறுகளுக்கும் உரியதாக்கினார். டொராண்டோவில் இருந்த போலானி கற்றைகள் இல்லாமல் வேறு வழியில் போனார். புதிதாகப் பிறந்த மூலக்கூறுகள் வெளியிடும் மங்கலான அகச்சிவப்பு ஒளியை அளந்து, அவை எவ்வளவு அதிர்வுடன் பிறக்கின்றன என்று கண்டார். இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து பொருந்தியது அழகு.

கருவி செய்தவருக்கு வேதியியல் பரிசா என்று சிலர் கேட்கிறார்களே?

கேட்பவர்கள் கருவியை வாங்கி மேசைமேல் வைக்கும் பொருளாக நினைக்கிறார்கள். அந்தத் துவாரம் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும், உணர்கருவி எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்தக் கோணத்தில் விளைபொருள் வரும் என்பதெல்லாம் மோதலின் இயற்பியலை முன்கூட்டியே கணக்கிட்டவருக்குத்தான் தெரியும். எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதையே அந்த வடிவமைப்பு தீர்மானித்தது. அது அறிவியல்தான், முழுமையான அறிவியல்.

உச்சத்தில் இருந்தவர் ஏன் 1994இல் தைவான் திரும்பினார்?

அகாதெமியா சினிக்காவின் தலைமைப் பொறுப்புக்கு அழைத்தார்கள். 1928இல் நான்ஜிங்கில் தொடங்கி, பின்னர் தைபேக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது. பெர்க்லி பேராசிரியர் பதவியையும் அமெரிக்கக் குடியுரிமையையும் விட்டுவிட்டுப் போனார். அதற்கு முன்பே, 1980களில், அங்கே அணு மற்றும் மூலக்கூறு அறிவியல் நிறுவனம் உருவாகத் துணை நின்றிருந்தார். திடீரென்று எடுத்த முடிவு என்று சொல்ல முடியாது. வெளிநாட்டில் உயர்ந்தவர்கள் ஊருக்கு விருந்தினராக வந்து மாலை வாங்கிப் போவது வழக்கம். குடியுரிமையைத் துறந்து 12 ஆண்டுகள் நிர்வாகத்தின் சுமையைத் தூக்குவது வேறு ரகம்.

அந்தக் காலத்தில் அவர்மேல் விமர்சனங்கள் இல்லையா?

நிறைய உண்டு, சிலவற்றில் நியாயமும் உண்டு. 1990களின் நடுவில் கல்விச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஒரே ஒரு நுழைவுத் தேர்வின் பிடியைத் தளர்த்துவது நோக்கம். சேர்க்கைக்குப் பல வழிகள் வந்தன, பல்கலைக்கழகங்கள் பெருகின. ஆனால் மாணவர்களின் சுமையும் டியூஷன் மோகமும் குறையவில்லை என்று பெற்றோர்கள் இன்றும் அவரைக் குறை சொல்கிறார்கள். 2000 அதிபர் தேர்தலில் சென் ஷுய்-பியனை வெளிப்படையாக ஆதரித்தார், சென் வென்றார். பிரதமர் பதவிக்கு லீயின் பெயர் அடிபட்டது, அவர் ஏற்கவில்லை. ஆய்வு நிறுவனத் தலைவர் தேர்தலில் பக்கம் சாயலாமா என்ற கேள்வி நியாயமானது. நிறுவனத்தின் நடுநிலை ஒருவருடைய சொந்த விருப்பத்தைவிடப் பெரியது என்றே நான் நினைக்கிறேன்.

நிர்வாகத்துக்குப் போன பிறகு ஆய்வை விட்டுவிட்டாரா?

இல்லை. அதற்குச் சிறந்த சான்று 2009இல் வந்த ஓசோன் ஆய்வு. தென்துருவத்தின் மேல் ஓசோன் அழியும் சுழற்சியில் குளோரின் பெராக்சைடு என்ற மூலக்கூறு நடுநாயகமானது. சூரிய ஒளி பட்டு அது உடைந்து குளோரின் அணுக்களை விடுவிக்க வேண்டும். 2007இல் வெளியான ஓர் ஆய்வக அளவீடு, அது ஒளியை உறிஞ்சும் திறன் முன்பு கருதியதைவிட மிகவும் குறைவு என்றது. அது சரியென்றால் ஓசோன் துளைக்கான விளக்கமே ஆட்டம் காணும்.

சிக்கல் எங்கே இருந்தது? குளோரின் பெராக்சைடைத் தயாரிக்கும்போது குளோரின் வாயுவும் கலந்துவிடும். அதுவும் ஒளியை உறிஞ்சும். இரண்டையும் பிரித்துக் கணக்கிடுவதில்தான் பிழைக்கு இடம். தைபேயில் ஜிம் லின்னும் லீயும் உள்ளிட்ட குழு, உறிஞ்சப்பட்ட ஒளியை அளப்பதையே கைவிட்டது. மூலக்கூறுகளைக் கற்றையாகச் செலுத்தி, 308, 351 நானோமீட்டர் லேசரை அதன்மேல் பாய்ச்சி, குளோரின் பெராக்சைடின் எடைக்குரிய சமிக்ஞை எவ்வளவு குறைகிறது என்று மட்டும் பார்த்தது. நிறை நிறமாலைமானி எடையால் பிரித்துவிடுவதால் கலப்புக் குளோரின் அந்தக் கணக்கில் நுழையவே முடியாது. கிடைத்த மதிப்புகள் பழைய ஓசோன் மாதிரிகளோடு பொருந்தின. 2007இல் எழுந்த ஐயம் அடங்கியது. அந்தக் கட்டுரை வெளிவந்த ஆண்டில் லீக்கு வயது 72.